ஒரு பெட்டிக்கு 600 சீட்டு

தேர்தல் வேலை பார்த்துப் பழகியவன் புது ஊருக்குப் போனால் எந்தக் கட்சிக்குப் பலம், யார் ஜெயிப்பார் என்று விசாரிக்க மாட்டான். வாக்குப்பதிவு முடிந்த ராத்திரி பெட்டி எங்கே இருக்கும், அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்பான். ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் தேர்தல் பிரிவில் துணை தாசில்தாராக இருந்த காலத்தில் கற்றுக்கொண்ட தொழில் இது. ஸ்ட்ராங் ரூம் பூட்டின் மேல் ஏஜென்டுகளின் அரக்குச் சீல் இருக்கும். வாசலில் போலீஸ் நிற்கும். எதிரே எல்லாக் கட்சிக்காரர்களும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். போலீஸைவிட அந்தப் பாய்தான் எனக்குத் தைரியம். தோற்கப்போகிறவனும் வந்து படுத்துக் காவல் காக்கிறான் என்றால், எண்ணிக்கை முடிந்ததும் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

ஆப்கானிஸ்தானுக்குப் பெட்டி, சீல், மை, சீட்டு எல்லாமே விமானத்தில் வந்து இறங்கின. தோற்பவனின் சம்மதம் மட்டும் அந்தச் சரக்குப் பட்டியலில் இல்லை. அதை வெளியூர்க்காரர்கள் எப்படியெல்லாம் தயாரிக்கப் பார்த்தார்கள் என்பதை உள்ளிருந்து பார்த்தவன் நான்.

ஊதியமில்லா விடுப்புப் போட்டுவிட்டு, ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் 2004 வசந்தத்தில் போய்ச் சேர்ந்தேன். பணியிடம் கார்தேஸ், பக்தியா மாகாணத்தின் தலைநகரம். சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். நடுவில் மேட்டின் மேல் பாலா ஹிஸார் என்னும் மண்கோட்டை. அமெரிக்க ராணுவம் 'மாகாண மறுசீரமைப்புக் குழு' என்ற ஏற்பாட்டை முதன்முதலில் தொடங்கிய ஊர் இதுதான். பாதி ராணுவம், பாதி வளர்ச்சித் துறை. பகலில் கிணறு வெட்டப் பணம் கொடுக்கும் சீருடையும், ராத்திரி கதவை உடைத்துத் தேடும் சீருடையும் கிராமத்தானுக்கு ஒன்றுதான். வெள்ளை வண்டியில் போன எங்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார்கள். 'நாங்கள் ஐ.நா., ராணுவம் வேறு' என்று மொழிபெயர்ப்பாளர் விளக்குவார். கேட்பவர்கள் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

முதல் வேலை வாக்காளர் பதிவு. எதை வைத்துப் பதிவது? 1979-ல் தொடங்கிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பாதியில் நின்றுபோனது. அதன் பிறகு அந்த நாட்டில் முழுக் கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. எங்கள் கிராமங்களில் வீட்டுக்கு எண் கிடையாது. சாவடிவாரியாகப் பட்டியல் போட நேரமும் இல்லை, காரணம் தேதியை வேறு யாரோ குறித்திருந்தார்கள். ஜூனில் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி அக்டோபர் 9-க்கு வந்தது. அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நவம்பர் 2. இதற்கு மேல் அது தள்ளிப்போகாது என்று எங்கள் அலுவலகத்தில் டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

எனவே பட்டியல் இல்லாமல் அட்டை மட்டும். வருகிறவர் பெயரை எழுதி, படம் எடுத்து, லேமினேட் செய்து கையில் கொடுப்போம். அட்டை இருந்தால் நாட்டின் எந்தச் சாவடியிலும் வாக்குப் போடலாம். நம் ஊரில் ஆயிரம் பேர் உள்ள பூத்தில் ஆயிரத்தைந்நூறு வாக்கு விழுந்ததாக யாரும் எழுத முடியாது, பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாட்டில் 2018 வரை அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. பின்னால் வந்த வில்லங்கத்தில் பாதி இங்கே தொடங்கியது.

பக்தியாவின் ஸுர்மத் மாவட்டத்திலிருந்து ஒரு மாலிக், அதாவது ஊர்ப் பெரியவர், பதிவு மையத்துக்கு வந்தார். கையில் ஒரு நோட்டுத் தாள், அதில் வரிசையாகப் பெண்களின் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்ற குறிப்பு. பெண்களின் அட்டைக்குப் படம் கட்டாயமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "இவர்கள் வர மாட்டார்கள். நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். நேரில் வராதவருக்கு அட்டை இல்லை என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "கிணறு கொடுக்கும்போது எங்கள் ஊரில் எத்தனை தலை என்று கேட்டுத்தானே கொடுப்பீர்கள், சாஹிப்? இதுதான் கணக்கு" என்று தாளைக் காட்டினார். யாருக்கு வாக்கு என்ற பேச்சே அங்கு எழவில்லை. தாளை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். வேறொரு மையத்தில் அவர் வேலை முடிந்திருக்கும்.

அப்படியே ஆனது. பதிவு முடிந்தபோது நாடு முழுவதும் 1 கோடியே 5 லட்சம் அட்டை. பக்தியா, பக்திகா, கோஸ்ட் மாகாணங்களில் அட்டைகளின் எண்ணிக்கை, மதிப்பிட்ட வாக்காளர் தொகையையே தாண்டியது. காபூலில் இதை வெற்றி என்றார்கள். வேறு ஒரு கணக்கும் இருந்தது. அந்த ஜூன் மாதம் ஜலாலாபாத்தில் பதிவு வேலைக்குப் பெண்கள் போன பேருந்தில் குண்டு வெடித்துப் பெண் ஊழியர்கள் செத்தார்கள். இரண்டையும் ஒரே அறிக்கையில்தான் எழுதி அனுப்பினோம்.

வாக்குப்பதிவு நாளில் எங்கள் பகுதி அமைதியாக இருந்தது. அதற்கு வெளிநாட்டுப் படையோ புதிதாகப் பயிற்சி பெற்ற போலீஸோ காரணமில்லை. பக்தியா, கோஸ்ட் பக்கத்துப் பழங்குடிகளிடம் 'அர்பகாய்' என்ற காவல் முறை உண்டு. ஜிர்கா என்னும் பெரியவர்கள் சபை கூடி ஆள் பொறுக்கும். அந்த ஆள் காவலுக்கு நிற்கும் இடத்தில் யாராவது அத்துமீறினால் மொத்தக் குலமும் பதில் சொல்லும். தேர்தலுக்கும் அவர்களையே நிறுத்தினோம். துப்பாக்கியும் கம்பளிப் போர்வையுமாகப் பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். வெளியிலிருந்து போன எவனும் நம்பித் தூங்கக்கூடிய ஏற்பாடு அது. ஆனால் அதே முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. கோஸ்டில் ஒரு பழங்குடியின் பெரியவர்கள், அப்போது இடைக்கால அதிபராக இருந்த ஹமீத் கர்சாய்க்கு வாக்களிக்காத தம் குலத்தவரின் வீடு கொளுத்தப்படும் என்று வானொலியிலேயே அறிவித்தார்கள். கிராமத்தைக் காப்பதும் கட்டுப்படுத்துவதும் அங்கே ஒரே கைதான். ரகசிய வாக்கு என்று நாங்கள் அட்டைப் பெட்டியால் மறைப்புக் கட்டிக் கொடுத்தோம். உள்ளே போனவர்களில் பாதிப் பேர் சீட்டை வெளியே எடுத்துவந்து எங்கே குத்த வேண்டும் என்று பெரியவரைக் கேட்டார்கள்.

அன்று காலையே காபூலில் மை அழிகிறது என்று புகார் கிளம்பியது. விரலுக்கு வைத்திருந்த பேனாவும் சீட்டில் குறியிட வைத்திருந்த பேனாவும் சில சாவடிகளில் மாறிப்போயின. மதியத்துக்குள் கர்சாயை எதிர்த்து நின்றவர்கள் எல்லாரும் தேர்தலைப் புறக்கணிப்பதாகச் சொல்லிவிட்டார்கள். மை ஒரு சாக்கு. தோற்பவனுக்குப் புகார் சொல்ல ஒரு வாசல் வேண்டும், அவ்வளவுதான். அந்த வாசல் எங்கே திறந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தூதர் ஸல்மே கலீல்ஸாத் முக்கிய வேட்பாளர்களைச் சந்தித்தார். ஐ.நா. மூன்று நிபுணர்கள் கொண்ட குழுவை அமைத்தது. புறக்கணிப்பு கரைந்தது. நீதிமன்றம் என்ற ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்கவே இல்லை. தோற்றவன் தூதரகத்துக்குப் போனால் ஏதாவது கிடைக்கும் என்பதை எல்லாரும் அன்றைக்கே தெரிந்துகொண்டார்கள்.

கார்தேஸ் எண்ணிக்கை மையத்தில் பெட்டி திறக்கும் முன்பே முடிவு தெரியும். பக்தியாவில் கர்சாய்க்கு 95 சதவீத அளவில் வாக்கு. வடக்கே பஞ்ச்ஷீரில் அதே அளவில் எதிர் வேட்பாளர் யூனுஸ் கானூனிக்கு. ஹஸாராக்கள் முஹக்கிக்குக்கு, உஸ்பெக்குகள் தோஸ்தமுக்கு. மொத்தத்தில் கர்சாய் 55.4 சதவீதம். நாட்டை இணைக்க வந்த தேர்தல், யார் எந்த மலையில் இருக்கிறார்கள் என்று துல்லியமாக வரைந்து கொடுத்தது. அதில் தாலிபான்கள் இல்லை. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் அதிகாரம் பங்கிட்ட மேஜையிலும் அவர்கள் இல்லை. ஸுர்மத்தில் ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பழைய தாலிபான்களைப் படையும் புதுக் கமாண்டர்களும் சேர்ந்து வேட்டையாடியதாக ஊரார் சொல்வார்கள். அந்த ஆட்கள் பிறகு எங்கே போனார்கள் என்பதை ஐந்து வருஷம் கழித்துப் பாதுகாப்பு வரைபடத்தில் பார்த்தேன்.

2005 நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கட்சிகளை ஒதுக்கிவைத்து ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். காபூலில் 33 இடத்துக்கு ஏறக்குறைய 390 பேர் நின்றார்கள். சீட்டு செய்தித்தாள் அளவில் ஏழு பக்கம். சின்னம் போதாமல் ஒரு ஒட்டகம், இரண்டு ஒட்டகம், மூன்று ஒட்டகம் என்று கொடுத்தோம். சின்னத்தைப் பார்த்தே வாக்குப் போடும் ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

2009 அதிபர் தேர்தலுக்கு மறுபடி போனபோது என்னைக் காபூலில், வரைபடங்கள் தொங்கும் அறையில் உட்காரவைத்தார்கள். நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் வண்ணம் தீட்டிய வரைபடம். சிவப்பு என்றால் அரசாங்கத்தின் ஆள் போக முடியாது. அதன் மேல் சாவடிப் பட்டியலை வைத்துப் பார்ப்பது என் வேலை. சிவப்புக்குள்ளும் நூற்றுக்கணக்கில் சாவடிகள். ஒரு நாள் ராணுவத் தொடர்பு அதிகாரி ஒருவரிடம் ஒரு சாவடி எண்ணைக் காட்டி, இதை யார் நேரில் பார்த்தார்கள் என்று கேட்டேன்.

"விமானத்திலிருந்து படம் எடுத்தோம். கட்டடம் இருக்கிறது" என்றார்.

"திறப்பதற்கு ஆள்?"

"அது தேர்தல் ஆணையத்தின் வேலை."

ஆணையத்தில் கேட்டால் பாதுகாப்பு ராணுவத்தின் வேலை என்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஆனால் எத்தனை சாவடி திறந்தது என்ற எண் தலைநகரங்களுக்கு வேண்டியிருந்தது. போரில் முன்னேற்றம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குக் காட்ட அதைவிட லேசான எண் இல்லை. ஏறக்குறைய 7,000 மையங்களில் 1,500-ஐத் திறக்கவே கூடாது, அங்கே ஆவி மட்டும்தான் வாக்களிக்கும் என்று ஐ.நா. தூதுக்குழுவின் துணைத் தலைவர் பீட்டர் கால்பிரெய்த் வாதாடினார். அமைச்சர்கள் எதிர்த்தார்கள். செப்டம்பர் இறுதியில் அவர் பதவி பறிபோனது.

ஆவி எப்படி வாக்களிக்கும் என்று சொல்கிறேன். ஒரு சாவடிக்கு 600 சீட்டு, ஒரு பெட்டி, ஒரு முடிவுத் தாள். சாவடி சிவப்புக்குள் இருந்தால் இந்த மூட்டை கிராமத்துக்குப் போகாது. மாவட்டத் தலைமையகத்தில், பெரும்பாலும் போலீஸ் அதிகாரியின் வளாகத்தில் இறங்கும். எதிர்த்தரப்பு ஏஜென்ட் வர முடியாது, பார்வையாளர் வர முடியாது, ஏன், வாக்காளரும் வர முடியாது. சாயங்காலம் அதே மூட்டை, முறைப்படி சீல் வைத்து, முடிவுத் தாளோடு திரும்பி வரும். 600-க்கு 600. சில சமயம் அடக்கமாக 587. யார் எழுதினார்கள் என்று கேட்க அந்தப் பாதையில் போய்வரும் துணிச்சல் எந்த விசாரணை அதிகாரிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. படையை வைத்துத்தான் திறக்க முடியும் என்ற இடத்தில் திறந்த சாவடி, திருடனுக்குப் பூட்டுப்போட்டுக் கொடுத்த அறை.

ஹெல்மண்டில் பாபாஜி பகுதியை மீட்க அந்தக் கோடையில் பிரிட்டிஷ் படை நடத்திய தாக்குதலில் 10 வீரர்கள் செத்தார்கள். மக்கள் வாக்களிக்க வழிசெய்வதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்றார்கள். வாக்குப்பதிவன்று அங்கே விழுந்தது சுமார் 150 வாக்கு என்று செய்தி வந்தது. நிஜமாக விழுந்த 150. அந்த மாகாணத்திலேயே, எவரும் சாகாத இடங்களிலிருந்து பெட்டி பெட்டியாக வாக்கு வந்துகொண்டிருந்தது.

தேர்தல் புகார் ஆணையம் ஒரு நல்ல காரியம் செய்தது. 600-ம் அதற்கு மேலும் விழுந்த சாவடி, ஒருவருக்கே 95 சதவீதத்துக்கு மேல் விழுந்த சாவடி, இவற்றைத் தனியே எடுத்து ஆராயச் சொன்னது. சுமார் 13 லட்சம் வாக்கு செல்லாமல் போனது. கர்சாய் 54.6-லிருந்து 49.67-க்கு இறங்கினார். இரண்டாம் சுற்று வேண்டும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்க செனட்டர் ஜான் கெர்ரி அவரோடு நாள்கணக்கில் பேசி, அக்டோபர் 20-ம் தேதி சம்மதிக்கவைத்தார். மறுவாரம் காபூலில் ஐ.நா. ஊழியர்கள் தங்கியிருந்த விடுதிக்குள் தாலிபான்கள் புகுந்து சுட்டதில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நவம்பர் 1-ல் எதிர் வேட்பாளர் அப்துல்லா அப்துல்லா விலகிக்கொண்டார். இரண்டாம் சுற்றே நடக்கவில்லை. கர்சாய் அதிபர் ஆனார்.

விடுதித் தாக்குதலுக்குப் பிறகு எங்களில் நிறைய பேரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நானும் ஊருக்கு வந்து சேர்ந்தேன். 2010 நாடாளுமன்றத் தேர்தலின்போது நான் அங்கு இல்லை. ஆனால் அதில் கஸ்னி மாகாணத்தில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கஸ்னியில் பஷ்தூன்களும் ஹஸாராக்களும் கலந்திருக்கிறார்கள். பஷ்தூன் மாவட்டங்களில் போர். வாக்களிப்பவரைக் கொல்வோம் என்ற மிரட்டல். சில இடங்களில் விழுந்த வாக்கை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹஸாரா மாவட்டங்கள் அமைதி. வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 11 இடம். 11-ம் ஹஸாராக்களுக்கு. எண்ணிக்கையில் எந்தத் தில்லுமுல்லும் தேவைப்படவில்லை. விதிப்படி பார்த்தால் சுத்தமான முடிவு, ஊர்ப்படி பார்த்தால் பற்றவைத்த திரி. பாதுகாப்பில்லாத இடத்தில் 2009-ல் சாவடி திறந்தோம், கள்ள வாக்கு வந்தது. 2010-ல் பல சாவடிகளை மூடினார்கள், ஒரு இனமே பிரதிநிதி இல்லாமல் போனது. இதற்கு மூன்றாவது வழி ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் தொழிலில் பெரிய ஆட்களிடமெல்லாம் கேட்டிருக்கிறேன். கணக்கில் பதில் இல்லை. போர் நின்றிருந்தால் வேறு விஷயம்.

இந்தத் தேர்தல்களில் இவ்வளவு வெறியோடு ஏன் மோதினார்கள்? ஜெயித்தவனுக்கு எல்லாம், தோற்றவனுக்கு ஒன்றுமில்லை என்று சட்டம் எழுதிவைத்ததுதான். 2004 அரசியல் சாசனத்தின்படி மாகாண ஆளுநர் அதிபரின் ஆள். மாவட்ட அதிகாரி, போலீஸ் தலைவர், நகர மேயர் எல்லாரும் காபூலிலிருந்து நியமனம். மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாவட்ட மன்றம் வேண்டும் என்று அதே சாசனம் சொல்லியிருந்தது. குடியரசு இருந்தவரை இரண்டும் நடக்கவில்லை. மாவட்டத் தேர்தலுக்கான தயாரிப்பில் எனக்கும் கொஞ்ச நாள் வேலை இருந்தது. எல்லை வரையறுக்காமல் மன்றம் அமைக்க முடியாது. எல்லைக்கு மக்கள்தொகை வேண்டும். மக்கள்தொகை எடுத்தால் பஷ்தூன் எத்தனை, தாஜிக் எத்தனை, ஹஸாரா எத்தனை என்ற எண் வெளியே வரும். அந்த எண் எந்தத் தலைவருக்கும் வேண்டாம். எண் இல்லாதவரை எல்லாருமே பெரும்பான்மை. நாட்டில் மாவட்டம் மொத்தம் எத்தனை என்பதற்கே ஒவ்வொரு அமைச்சகத்திலும் ஒவ்வொரு பதில். கோப்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் தூசி தட்டி எடுக்கப்படும், மறுபடி அடுக்கப்படும். பணம் கொடுத்த நாடுகளும் வற்புறுத்தவில்லை. கார்தேஸில் மாவட்ட மன்ற உறுப்பினர் ஜெயித்தால் அது எந்தத் தொலைக்காட்சியில் வரும்?

2014-ல் திரும்பவும் கூப்பிட்டார்கள். இந்த முறை தணிக்கைக்கு. அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் அப்துல்லா 45 சதவீதம், அஷ்ரஃப் கனி 31.56. ஜூன் 14 இரண்டாம் சுற்றில் கனி 56.44 என்று தலைகீழானது. மொத்த வாக்கும் எகிறியிருந்தது. தேர்தல் ஆணையச் செயலகத் தலைவர் தொலைபேசியில் ஆடுகளைக் கொழுக்கவைப்பது பற்றிப் பேசியதாக அப்துல்லா தரப்பு ஒலிப்பதிவை வெளியிட்டது. ஆடு என்றால் பெட்டி என்று அவர்கள் சொன்னார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்து, பதவி விலகினார். போட்டி அரசாங்கம் அமைப்போம் என்று பேச்சு எழுந்தது. மறுபடி ஜான் கெர்ரி வந்தார், இப்போது வெளியுறவு அமைச்சராக. போட்ட வாக்கு முழுவதையும் தணிக்கை செய்வது என்று முடிவானது. நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சுமார் 23,000 பெட்டிகளை நேட்டோ படையின் உதவியோடு காபூலுக்குக் கொண்டுவந்தார்கள். உலகத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத வேலை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பெருமைப்பட நேரம் கிடைக்கவில்லை.

ஜலாலாபாத் சாலையில் தேர்தல் ஆணைய வளாகம். உள்ளே பெரிய கிடங்குகள், ஜூலை வெயிலில் அடுப்பு மாதிரி. ரமலான் மாதம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நோன்பு, நான் தண்ணீர் குடிக்க வெளியே நிழல் தேடிப் போவேன். ஒவ்வொரு மேஜையிலும் ஆணைய ஊழியர், ஐ.நா. ஆலோசகர், இரண்டு தரப்பு ஏஜென்டுகள், பார்வையாளர். கையில் 16 கேள்விகள் கொண்ட தாள். சீல் எண் பதிவோடு பொருந்துகிறதா, முடிவுத் தாளில் திருத்தம் இருக்கிறதா, வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து ஒரே மாதிரி ஓடுகிறதா என்று போகும்.

எனக்குப் பிடித்த சோதனை மடிப்பு. வாக்குப்பெட்டியின் வாய் குறுகல். சீட்டை மடிக்காமல் உள்ளே போட முடியாது. பெட்டியைத் திறந்ததும் சீட்டுகள் உப்பிக்கொண்டு, கோணலும் மாணலுமாக, சில சீட்டு நாலாக மடித்து நகத்தால் அழுத்தியதாக இருந்தால் மனிதர்கள் வந்துபோயிருக்கிறார்கள். புத்தகத்திலிருந்து கிழித்த கட்டு அப்படியே தட்டையாக, ஓரம் ஓரத்தோடு பொருந்தி உட்கார்ந்திருந்தால், அது வாய் வழியாக வரவில்லை. மூடியைத் திறந்து வைத்தது. அடுத்தது டிக் அடித்த குறி. ஆறேழு சீட்டைப் பரப்பினால் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே வால் தெரியும்.

"ஒரே கை" என்பார் அப்துல்லாவின் ஏஜென்ட்.

"எங்கள் ஊரில் எல்லாருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தது ஒரே முல்லாதான்" என்பார் கனியின் ஏஜென்ட்.

மேஜையே சிரிக்கும். அடுத்த பெட்டியில் எதிர்த்தரப்புக்குச் சாதகமான கட்டு வந்தால் இருவரும் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள். தட்டைக் கட்டு இரண்டு தரப்பிலும் வந்தது, அளவில்தான் சண்டை.

அடிதடியும் நடந்தது. நாற்பது வாக்கு உள்ள பெட்டிக்கு ஏன் தொண்டை கிழியக் கத்துகிறீர்கள் என்று பஞ்ச்ஷீர்க்காரர் ஒருவரைக் கேட்டேன். "இதில் விட்டுக்கொடுத்தால் ராத்திரி எங்கள் ஆட்கள் என்னைக் கேட்பார்கள். பெட்டியையா விட்டாய், எங்களையா என்று" என்றார். கொஞ்ச நாளில் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. சில காலைகளில் பெட்டிகள் மளமளவென்று போகும், யாரும் எதையும் எதிர்க்க மாட்டார்கள். வேறு சில நாளில் முதல் பெட்டியிலேயே மேஜை கவிழும். அரண்மனையில் இரண்டு வேட்பாளர்களும் அதிகாரப் பங்கீடு பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முன்னேறினால் கிடங்கில் வேகம், முறிந்தால் கிடங்கில் ரகளை. செய்தி வரும் முன்பே ஏஜென்டுகளின் முகத்தைப் பார்த்து நிலவரத்தைச் சொல்லிவிடுவோம். தணிக்கை, பேச்சுவார்த்தைக்கு நேரம் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அப்துல்லா தரப்பு வெளியேறியது. சமமாக இருக்கட்டும் என்று கனி தரப்பையும் ஐ.நா. வெளியே இருக்கச் சொன்னது. ஏஜென்டுகள் இல்லாத மேஜையில் மிச்சப் பெட்டிகளை முடித்தோம். செப்டம்பர் 21-ல் தேசிய ஒற்றுமை அரசு ஒப்பந்தம் கையெழுத்தானது. கனி அதிபர், அப்துல்லாவுக்குத் தலைமை நிர்வாகி என்று சாசனத்திலேயே இல்லாத ஒரு பதவி. அன்று சாயங்காலம் ஆணையம் கனியை வெற்றியாளர் என்று அறிவித்தது, யாருக்கு எத்தனை வாக்கு என்பதைச் சொல்லாமல். எண்ணைச் சொல்லக் கூடாது என்பது தோற்ற தரப்பின் நிபந்தனை. எண்ணுவதற்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து எங்களை வரவழைத்தார்கள். இரண்டு ஆண்டில் லோயா ஜிர்கா என்னும் தேசியப் பெருமன்றத்தைக் கூட்டி பிரதமர் பதவி பற்றி முடிவெடுப்போம் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. கூட்டவே இல்லை.

அந்த ஜூன் 14 அன்று ஹெராத் மாகாணத்தில் வாக்களித்துவிட்டுத் திரும்பிய 11 பெரியவர்களின் மை விரலைத் தாலிபான்கள் வெட்டினார்கள். அவர்கள் யாருக்கு வாக்களித்திருந்தாலும், முடிவு அறிவித்த நாளில் அதைக் கணக்காகக் கேட்கும் உரிமைகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

2019 தேர்தலுக்கு நான் போகவில்லை. விரல்ரேகையும் முகமும் பதியும் கருவி வைத்தார்கள். எங்கள் கூட்டத்தில் பலர் வருஷக்கணக்காகக் கேட்டுவந்தது. கருவி கள்ள வாக்கை வடிகட்டியது. பட்டியலில் 96 லட்சம் பேர், மிஞ்சிய செல்லும் வாக்கு 18 லட்சம் சொச்சம். 2020 பிப்ரவரி 18-ல் கனிக்கு 50.64 சதவீதம் என்று அறிவித்தார்கள். மார்ச் 9-ல் கனி ஒரு மாளிகையில் அதிபராகப் பதவியேற்றார். பக்கத்து மாளிகையில் அப்துல்லாவும் அதிபராகப் பதவியேற்றார். இடையில், பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கா தாலிபான்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆப்கன் அரசு அதில் தரப்பே இல்லை. அமெரிக்காவுக்காகக் கையெழுத்திட்டவர் ஸல்மே கலீல்ஸாத். 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான்கள் காபூலுக்குள் வந்தார்கள். டிசம்பரில் தேர்தல் ஆணையத்தையும் புகார் ஆணையத்தையும் கலைத்தார்கள்.

அதற்குப் பிறகு என் தொழில் கடிதம் எழுதுவதாகிவிட்டது. கார்தேஸிலும் காபூலிலும் கூட வேலை பார்த்தவர்கள், பதிவு மையம் நடத்திய பெண்கள், கிடங்கில் சீல் எண் வாசித்த பையன்கள் சான்றிதழ் கேட்கிறார்கள்: பதவி, காலம், பணி. சிலர் தேர்தல் என்று போட வேண்டாம், தரவுப் பதிவு என்று போடுங்கள், வழியில் சோதனைச் சாவடியில் படிப்பார்கள் என்கிறார்கள். அமெரிக்காவின் சிறப்புக் குடியேற்ற விசாவுக்கு அமெரிக்க அரசுக்கோ நேட்டோ படைக்கோ வேலை பார்த்திருக்க வேண்டியிருந்தது. படைக்கு மொழிபெயர்த்தவர் அதில் விண்ணப்பிக்க முடிந்தது. தேர்தல் ஆணையம் ஆப்கன் அரசின் அமைப்பாக இருந்ததால் வாக்கு எண்ணியவருக்கு அந்த வழி இருக்கவில்லை. ஆகவே வேறு நாடுகளின் படிவங்களுக்கு எழுதிக்கொடுக்கிறேன்.